பெரிய வெள்ளியன்று அடிக்காத மணி

அன்புள்ள மிஸ்ஸி,

இன்று மத்தியானம் கோயில் மணி அடித்தது. கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுச் சிரித்தேன். என் மகள் றோசிக்கு எட்டு வயதாகிவிட்டது, இன்னும் அந்த மணி கேட்டால் எனக்கு மார்பு கனக்கிறது! சொன்னால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

முதல் பிள்ளையை மூன்றாம் மாதத்தில் மண்ணுக்குக் கொடுத்தவள் நான். கண்ட நேரத்தில் பால் கொடுத்துத்தான் மாந்தம் வந்தது என்று தெருவே சொன்னது. றோசி பிறந்ததும், கொட்டாஞ்சேனையில் மருத்துவிச்சியாக இருந்த நீங்கள் நடத்திய தாய்மார் வகுப்புக்கு முதல் ஆளாக ஓடிவந்தேன். அரசாங்கத் தாளைத் தூக்கிப் பிடித்து, "மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் பால். இடையில அழுதா அழட்டும்" என்றீர்கள். எனக்கு அது வேதவாக்கு.

வீட்டில் மணிக்கூடு ஏது? ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் கோயில் மணி, ஒன்பதுக்கும் மூன்றுக்கும் பள்ளிக்கூட மணி, இரவில் வீட்டுக்காரரின் கைக்கடிகாரம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆண்டவர் பாடுபட்ட துக்கத்துக்குப் பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும், உயிர்த்த ஞாயிறின் பாஸ்காப் பூசைக்குத்தான் திரும்ப அடிக்கும் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. வியாழன் இரவு முழுக்க என் வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். வெள்ளி விடியவே அவர் அதைக் கையில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடமும் பூட்டு, அக்கம்பக்கத்தாரும் கோயிலில். றோசி வீரிட்டாள். மழை மூட்டத்தில் வெயிலைப் பார்த்தும் நேரம் சொல்ல முடியவில்லை. முன்னதைப் பறிகொடுத்த பயம் மிஸ்ஸி! முந்திக் கொடுத்து இதையும் கொன்றுவிடுவேனோ என்று, பால் கசிந்து சட்டை நனைய நனைய, காத்துக்கொண்டே இருந்தேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் அழுகை கேட்டு உள்ளே வந்தீர்கள்.

"ஏன் பிள்ளைக்குப் பால் குடுக்கேல்லை?"

"மணி அடிக்கேல்லை மிஸ்ஸி."

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தீர்கள். அவள் குடித்த வேகத்தைப் பார்த்து உங்கள் கண்ணும் கலங்கிவிட்டது. "பிழை என்ர. மணியைப் பார்க்கச் சொன்னன், பிள்ளையைப் பார்க்கச் சொல்லேல்லை."

அடுத்த வகுப்பில் எல்லாத் தாய்மாருக்கும் முன்னால், "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். பிள்ளை பசிக்கு அழுதா குடுங்கோ" என்றீர்களே! எந்தப் பெரிய மனிதர் அப்படிச் சொல்வார்? பின்வரிசையிலிருந்த பாத்திமா எழும்பி, "அல்லாவே! அப்ப நாங்க ஒளிச்சொளிச்சுக் குடுத்தது சரிதானா மிஸ்ஸி?" என்றாள். மண்டபமே கொல்லென்று சிரித்தது. அத்தனை பேரும் கள்ளிகள், தாளை நம்பிய பைத்தியம் நான் ஒருத்திதான்! அடுத்த மாதம் றோசியைத் தராசில் வைத்தபோது முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நாம் இருவரும் கைதட்டினோமே, ஞாபகமா?

இப்போது தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் கூப்பிடாமலே போய் நிற்கிறேன். நான் செய்த பைத்தியக்காரத்தனத்தைத்தான் முதலில் சொல்வேன்.

போன மாதம் கோயிலில் உங்களுக்காகத் துக்க மணி அடித்தபோது எனக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. தாய் தெருவுக்குப் புதியவள், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "பூசை முடியட்டும் அக்கா. செத்த வீட்டுப் பூசையில எப்பிடி?"

"இப்பவே குடு. மிஸ்ஸி கோவிக்கமாட்டா."

என் முந்தானையை விரித்து அவளை மறைத்தேன். உங்கள் பெட்டி எங்களைத் தாண்டிப் போகும்போதும் பிள்ளை வாயை எடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தது.