சிவப்பு மையில் ஒரு வெரி குட்

ஒரே மாலையில் வாத்தியாராகிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

சாதம் குக்கரில் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் மோட்டார் ரூம் சாவி கேட்டு வருவார். டீவி மேல் வைத்திருக்கிறேன்.

நேற்று நான் கடைக்குப் போய் வருவதற்குள் என் ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ் நோட்டு முப்பதையும் திருத்தித் தள்ளிவிட்டீர்கள். யார் கேட்டது? முதல் எழுத்தைப் பெரிதாக்குவதையும் முடிவில் புள்ளி வைப்பதையும் நாமே செய்துவிட்டால் பிள்ளைகள் எதைக் கற்கும்? நான் ஓரத்தில் பென்சிலால் 'இரண்டு தப்பு' என்று மட்டும் எழுதுவேன். அதுங்களே தேடிக் கண்டுபிடிக்கும். உங்கள் சிவப்பு மை ரப்பருக்கும் அழியவில்லை. உபகாரம் பண்ணாவிட்டாலும் உபத்திரவம் பண்ணாமல் இருக்கலாம். இதுதான் சமாதானத் தூதோ?

என் வகுப்பிலேயே படிக்கும் நம் மகளின் நோட்டை மட்டும் மேசையில் திறந்து வைத்திருக்கிறேன். 'எங்க அப்பாவும் அம்மாவும் பேசிக்கிறதில்ல' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள். நீங்கள் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, புள்ளி வைத்து, கீழே 'வெரி குட்' போட்டிருக்கிறீர்கள். படித்தீர்களா, இல்லை தப்பு மட்டும்தான் கண்ணில் பட்டதா?

பி.கு.: நானும் இன்று காலையில்தான் படித்தேன். சாயங்காலம் சீக்கிரம் வாங்க. சீட்டு எழுதி எழுதி எனக்கும் கை வலிக்கிறது.