பெட்டிக்குள் பூட்டிய இரண்டு நூலுருண்டைகள்

அன்பு மைனாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது, கொஞ்சமாவது தூங்குகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கு முதலில் பதில் எழுது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டாலே வாயடைத்துப்போகிறது, அதனால்தான் கடிதம். குழந்தை தங்கவில்லை என்று நீ எனக்குச் சொல்லி இன்றோடு இருபத்திரண்டு நாள். அம்மா அழுறதைக் கேக்குற தெம்பு எனக்கு இல்லைப்பா, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க என்றாய். சரிம்மா, நான் பார்த்துக்கிறேன் என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். எந்த லட்சணத்தில் பார்த்துக்கொண்டேன் என்று எழுதுகிறேன், படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அன்று போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தால், உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்கென்று அந்த வெளிர்மஞ்சள் போர்வையைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். யாரு போன்ல என்றாள். பழைய ஆபீஸ்காரர் என்றேன். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே அடக்கியவன், கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நாளுக்கு நாலு விரல் அகலம் அந்தப் போர்வை வளர்ந்தது. நூல் தீர்ந்தால் பின்னல் நிற்கும், நின்றால் பேச்சை எடுக்கலாம் என்று ஒரு முட்டாள் யோசனை வந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பிரிக்காமல் இருந்த கடைசி இரண்டு நூலுருண்டைகளையும் எடுத்து என் பழைய ஸ்பேனர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். பின்னல் நின்றது. அவள்தான் நிற்கவில்லை.

எட்டு வாங்கினேன், ஆறுதானே ஆச்சு என்று வீட்டையே புரட்டிப்போட்டாள். நானும் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன், வெட்கக்கேடு. வெள்ளிக்கிழமை முடிவு செய்துவிட்டாள், சனி ஞாயிறு இரண்டு நாளும் ஊரில் இருக்கிற உல்லன் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்குவது, துணைக்கு நான். மஞ்சள் என்றால் ஏதோ ஒரு மஞ்சள் என்று வாங்கிவிட முடியாதாம். ஒரே தொட்டியில் ஒரே தடவை சாயம் முக்கியதற்கு ஒரே லாட் நம்பராம், வேறு நம்பரைச் சேர்த்தால் வெயிலில் நடுவே கோடு போட்ட மாதிரி தெரியுமாம். பழைய உருண்டையின் லேபிளைப் பர்ஸுக்குள் சேஃப்டி பின் குத்தி வைத்துக்கொண்டாள். லாட் 632. அந்த 632 என் பெட்டிக்குள் கிடக்க, நான் அவளோடு பஸ் ஏறினேன்.

முதலில் வாங்கிய மாடிக்கடைக்கே போனோம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். அது தீர்ந்துபோச்சும்மா, 640தான் இருக்கு என்றார் கடைக்காரர். சும்மா விடுவாளா, அதில் ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிப்போய் வெளிச்சத்தில் தன் நூல்துண்டோடு ஒட்டிப் பார்த்து, ம்ஹூம் என்று மறுபடி ஏறி வந்து கொடுத்தாள். இரண்டாவது, பட்டனும் ஜிப்பும் விற்கிற இடுக்குக் கடை. பச்சைக் குழந்தைக்கு உறுத்துமோ என்று ஒவ்வொரு உருண்டையாக எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். கடைக்கார அம்மா எத்தனாவது மாசம் என்று கேட்க, ஆறு ஓடுதுங்க என்று இவள் பூரித்துப்போய்ச் சொன்னதை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்காததே நல்லது. நான் சுவரில் தொங்கிய ஜிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே டீ குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டேன். மைனா போனே எடுக்க மாட்டேங்கறா, அசதியா இருக்கும், நீங்களும் தொந்தரவு பண்ணாதீங்க என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் போன கடை பூட்டிக் கிடந்தது. கடைசியாக, ரிடையரான நர்ஸ் ஒருவர் வீட்டு முன்னறையில் நடத்துகிற கடை. அங்கேயும் 632 இல்லை, கிட்டத்தட்ட அதே மஞ்சளில் ஒரு சிட்டம், அதாவது உருண்டையாகச் சுற்றாத நூல்வளையம், இருந்தது, விதியேன்னு இதை எடுத்துக்கிறேன் என்றாள். அதை உருண்டையாகச் சுற்ற வேண்டும், என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு கையையும் நீட்டச்சொல்லி, விலங்கு போடுகிற மாதிரி அந்தச் சிட்டத்தை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து சுற்றினாள். இருபது நிமிஷம், முகத்துக்கு முகம். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் எப்போது என்று நினைத்து வாயைத் திறந்தேன். கையை ஆட்டாதீங்க, சிக்கு விழுது என்றாள். அப்புறம் நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க, என் கையால எண்ணி வச்சது எட்டு, இப்ப இல்லைன்னா என் மூளைதான் பிசகியிருக்கு, எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, நாளைக்குப் பிரசவத்துக்கு மைனாகிட்ட போய் அந்தக் குழந்தையை எங்கயாவது விட்டுட்டு மறந்துட்டேன்னா? நான் போகலைங்க, அவளை வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிடுங்க. அழவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் கையை இறக்கிவிட, நூல் சிக்கிக்கொண்டது. இந்த மனுஷன் இதுக்குக்கூட லாயக்கில்லை என்று நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு துக்கத்தை மறைக்கப்போய், நல்ல புத்தியோடு இருந்தவளைத் தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டேன். என்னைப்போல ஒரு பாவி உண்டா.

இன்று காலை அவள் அந்தப் புது நூலைச் சேர்த்துப் பின்னப்போன சமயம், பெட்டியைத் திறந்து இரண்டு உருண்டைகளையும் அவள் மடியில் வைத்தேன். கிரீஸ் வாடை அடித்தது. முதலில் லேபிளைத்தான் திருப்பிப் பார்த்தாள். ஏன் ஒளிச்சீங்க என்று சத்தம் போடுவாள் என்று நின்றேன். லேபிளை விட்டு என் முகத்தைப் பார்த்தாள். எப்போ என்று மட்டும் கேட்டாள். இருபத்திரண்டு நாளாச்சு என்றேன். மாப்பிள்ளை வெளியூர்ல இருந்தாரே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல யாரு இருந்தா என்றாள். தெரியாது என்றேன். கேக்கலையா நீங்க என்றாள். கேட்கவில்லையே மைனா. இவளிடம் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்றே இத்தனை நாளும் உருகினேன், உன்னிடம் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று தடவை உனக்குப் போன் போட்டாள், நீ எடுக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், மத்தியானம் ஆகிவிட்டது, காலையில் வைத்த காபி ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. போர்வை ஊசியோடு நாற்காலியில் கிடக்கிறது, அதைத் தொடக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

இது கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய். அழுவாள், அழட்டும், நீயும் அழு, நடுவில் என்னை மட்டும் நிறுத்தாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதே, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவர் மனசும் வெந்துபோய்த்தான் இருக்கும். நீ நன்றாக இருக்க வேண்டும், நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். பதிலில் மறக்காமல் ஒன்று எழுது, அன்று உன் பக்கத்தில் யாரம்மா இருந்தார்கள்? யாருமே இல்லை என்றாலும் எழுது.

இப்போதுதான் கேட்கத் தெரிந்த,
உன் அப்பா