நீ தண்ணீர் தெளித்த தரை

இன்று காலை அரியலூரில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்கப் போனவள், அந்த வாசனை வந்ததும் கையை எடுத்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் “மண் வாசனை” என்றார். நீ இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாய். “அது மண்ணோட வாசனை இல்லீங்க, மண்ணுல குடியிருக்கறதுங்களோட வாசனை” என்று ஆரம்பித்து, அவர் இறங்கும்வரை பாடம் எடுத்திருப்பாய். லீவு போட்டுவிட்டு நான் வேப்பந்தட்டைக்கு, உன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நீ சயின்ஸ் டீச்சர், நான் கணக்கு டீச்சர். முதல்முறை உன் வீட்டுக்கு வந்த அன்று, மக்காச்சோளக் கொல்லைக்கு மேலே உழாமல் கிடந்த துண்டு நிலத்துக்கு அழைத்துப் போனாய். தரை அடிப்பிடித்த தோசை மாதிரி கறுத்து, ஓரம் சுருண்டு கிடந்தது. “இதக் காட்டவா வெயில்ல இழுத்துட்டு வந்த?” என்றேன். நீ என் பாட்டிலைப் பிடுங்கி, இருந்த தண்ணீரையெல்லாம் தரையில் ஊற்றினாய்.

“குடிக்கறதுக்கு வச்சிருந்ததுடி!”

“கத்தாத. பாரு.”

பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பு மெல்லப் பச்சையானது. எனக்குத் தாகம் மறந்துவிட்டது.

அது உயிருள்ள தோல் என்றாய். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் இழை விட்டு மண்ணைத் தைத்து வைத்திருப்பதால்தான் ஆடிக்காற்று அந்தத் துண்டில் மண்ணை வாரிக்கொண்டு போவதில்லை என்றாய். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பவையும் அதில் உண்டாம். காய்ந்தால் தூங்கும், நனைந்தால் எழும். ஆட்டுக் குளம்பு பட்டு உடைந்தால் திரும்பச் சேர வருஷக்கணக்கில் ஆகும். நான் ஆசையாகக் கால் வைக்கப் போக, “அரியலூர் சிமெண்ட்டு ஊர்க்காரிக்குத் தரைன்னா மிதிக்கத்தான் தெரியும்” என்று தோளைப் பிடித்து நிறுத்தினாய்.

அடுத்த கோடையில் மழை ஏமாற்றியது. அந்தத் தோல் வாடுகிறதே என்று உனக்குப் பொறுக்கவில்லை. தினமும் வாசல் தெளித்துவிட்டு, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அந்தத் துண்டின் ஓரத்திலும் தெளித்துவிட்டுத்தான் ஸ்கூலுக்கு வருவாய். வாசல் தெளித்துப் பழகிய கை சும்மா இருக்குமா?

பள்ளி திறந்த பிறகு ஒருநாள் சோற்று டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். “தெளிச்ச எடமெல்லாம் வெளுத்து உதிருதுடி. தெளிக்காத எடம் கறுப்பா நல்லாத்தான் இருக்கு. நான்தான் கொன்னுட்டேன்” என்று அழுதாய். ஆனால் உன்னால் ரொம்ப நேரம் அழவும் முடியாது. ஏன் என்ற கேள்வி உன்னை விடாது. பாட வேளை இல்லாதபோதெல்லாம் படித்தாய், தெரிந்தவர்களைக் கேட்டாய். பிறகு என்னிடம் வந்து சொன்னாய்: எழுவதற்கே அது சேர்த்து வைத்த சாப்பாட்டைச் செலவழிக்கிறது. ஈரம் நின்றால்தான் வெயிலில் புதிதாகச் சமைத்துச் சாப்பிட முடியும். அதற்குள் தரை காய்ந்துவிட்டால் பட்டினி.

“தூங்கற புள்ளைய எழுப்பி, சோறு போடாமத் திரும்பப் படுக்க வச்ச மாதிரி, தெனமும் பண்ணியிருக்கேன்” என்றாய். கொஞ்சம் கழித்து, “நான் பண்ணினத இப்ப வானமே பண்ணுதுடி” என்றாய். உண்மைதான். கோடையில் புழுதி அடங்குகிற அளவுக்கு ஒரு தூறல், உடனே சுள்ளென்று வெயில். பெய்ய வேண்டிய மாதத்தில் ஒன்றுமில்லை. பெய்தால் ஒரே நாளில் வரப்பை உடைக்கிறது. நாம் மழை வந்தது என்று சந்தோஷப்பட்ட தூறல்களில் எத்தனை அந்தத் தரையைப் பட்டினி போட்டனவோ!

வெளுத்த இடத்தைச் சுற்றிக் கல் வைத்தாய். அது திரும்பக் கறுக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டாய். அதற்குள் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாய். பார்க்க வந்தபோது என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “கறுத்துச்சா?” என்றாய். “இன்னும் இல்லடி” என்றேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாய். “சரி, பாத்துட்டே இரு” என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நேற்று உன் வீட்டுக்காரர் போன் செய்தார். “டீச்சர், நாளைக்கு டிராக்டர் வருது. மேல் துண்டு சும்மாதானே கெடக்கு, அதையும் சேத்து ஓட்டிடலாம்னு பாக்கறேன். அவ ஏதோ கல்லு வச்சிருக்கா, அதான் உங்களக் கேக்கலாம்னு.” “நான் வரேங்கண்ணே, அதுவரைக்கும் ஓட்டாதீங்க” என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோதும் மழை விடவில்லை. வெயிலில்லாமல் நின்று பெய்கிற மழை, அதற்குச் சோறு போடுகிற மழை. அவர் குடை பிடிக்க, நான் ஈரத்தில் மண்டியிட்டேன். கல்லுக்கு வெளியே தரை பச்சையாக இருந்தது. உள்ளே வெளுப்புதான். ஆனால் ஓரத்தில், கல்லைத் தாண்டி உள்பக்கமாக, ஒரு விரலகலத்துக்குப் பச்சை வந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். வந்துதான் இருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்ட முடியவில்லையே என்று அங்கேயே அழுதேன்.

அவரும் குனிந்து பார்த்தார். “இது அவ தெளிச்ச எடமா?”

“ஆமாங்கண்ணே.”

குடையை என் கையில் கொடுத்தார். பிறகு டிராக்டர்காரருக்குப் போன் போட்டு, “மேல் துண்டு வேணாம்ப்பா, கீழ மட்டும் ஓட்டு” என்றார். என்னைப் பார்த்து, “இது முழுசா மூட எத்தன வருசம் ஆகும் டீச்சர்?” என்றார்.

விடை தெரியாத கேள்வி என்றால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான் வரும், உனக்குத் தெரியாதா என்ன. இன்று வரவில்லை. “தெரியலீங்கண்ணே” என்று சொல்லும்போது, கணக்கு டீச்சரான எனக்கு, தெரியாமல் இருப்பது சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த மழைக்கும் வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.