விரலுக்கடியில் நிற்கும் சொல்

மார்ச் 3
துள்ளல் இன்று சரியாக வந்தது. எங்கள் கம்பெனியின் செய்திச் செயலியில், வந்த செய்தியின் மேல் இரண்டு விரல் வைத்து விரித்தால் எழுத்து பெரிதாகும். விரலை எடுத்ததும் ஒரு சின்னத் துள்ளல் போட்டு அடங்கும். கால் நொடி சமாசாரம். அதற்கு ஒன்பது நாள்! எங்கள் வடிவமைப்பாளர், நாங்கள் மில்லிமீட்டர் என்று கூப்பிடும் மனிதர், யாரையும் பாராட்ட மாட்டார். இன்று "பரவாயில்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். நாங்கள் பேசி ஐந்து மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மார்ச் 15
காலை முழுக்க உட்கார்ந்து அக்காவுக்கு எழுதினேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவள்தான் கூட இருந்தாள். நான் கடைசி நாள் போய் இறங்கி, எல்லார் முன்னாலும், "முன்னாடியே வேற டாக்டர்கிட்ட காட்டியிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க" என்றேன். என்ன வாய் இது! ஒன்றுவிடாமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். நீளமாகப் போய்விட்டது. அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16
திறந்து பார்த்துவிட்டாள். அடையாளம் காட்டுகிறது.

ஏப்ரல் 2
பதில் இல்லை.

ஏப்ரல் 27
இன்னும் இல்லை. நான் சொன்னது மன்னிக்கக்கூடியதா என்ன? ஆனாலும் — "போடா" என்றாவது எழுதக் கூடாதா?

ஜூன் 6
அத்தான் போன் செய்தார். "மாப்ள, உங்கக்காவுக்குக் கண்ணு சரியில்ல. ஒரு வருஷமா நடுவுல மங்கலா இருக்காம். வைத்தியம் நடக்குது. இனி மோசமாகாது, ஆனா போனது திரும்பாதுன்னுட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. நான் சொல்லலைன்னு வெச்சுக்க."

ஒரு வருஷமா? அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே?

ஜூன் 7
போனேன். கதவைத் திறந்தவள் என் காதுப் பக்கமாகப் பார்த்து, "இளைச்சிட்டியேடா" என்றாள். நான் ஆறு கிலோ ஏறியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா?

என் செய்தியைப் படித்தாயா என்று கேட்டேன். போனை எடுத்து விரித்துக் காட்டினாள். எழுத்து பெரிதானது. விரலை எடுத்தாள். துள்ளியது. வரிகள் மடங்கி, அவள் பிடித்திருந்த சொல் எங்கோ கீழே போய்விட்டது. ஓரக்கண்ணால் தேடினாள், கிடைக்கவில்லை.

"பாரு, பிடிக்கறதுக்குள்ள ஓடிடுது. ரெண்டு வரிக்குள்ள தலை சுத்துது. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ."

"நான்தான்க்கா."

"வேற யாரு செய்வா?" என்றாள்.

யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன். "உன் கடுதாசியை இன்னொருத்தர் வாயால கேக்கணுமா? திட்டியே எழுதியிருந்தாலும் எனக்குத்தானே எழுதினே." நானே சொல்லிவிடுகிறேன் என்று வாயெடுத்தேன். "சும்மா இரு. நானே படிச்சுக்கறேன்."

ஜூன் 8
பிடிபட்டது. விரிக்கும்போது திரையில் பெரிதாவது எழுத்தே அல்ல, எழுத்தின் படம். விரலை எடுத்ததும் படத்தை எடுத்துவிட்டு உண்மையான எழுத்தை வைக்கிறோம். அது புது அளவுக்குத் தகுந்தபடி வரி மடங்குகிறது. இத்தனை பேர் பார்த்தும் ஏன் தெரியவில்லை? சோதனைக்கு நான் எப்போதும் போடுவது "நலமா? நலமே." இரண்டே சொல்லில் மடங்க என்ன இருக்கிறது! முட்டாள்.

ஜூன் 19
துள்ளலைத் தூக்கிவிட்டேன். இப்போது விரலுக்கடியில் இருக்கும் சொல் அங்கேயே நிற்கிறது. மற்ற சொற்கள் அதைச் சுற்றி நகர்ந்து இடம் பிடிக்கின்றன. மில்லிமீட்டர் முகம் சுளித்தார். "அதோட உயிரே போச்சேப்பா." அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். இரண்டு விரல் வைத்துத் தானே விரித்துப் பார்த்தார். "இன்னும் மெதுவா நகரட்டும்" என்றார்.

ஜூலை 4
புதியதை அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம். நான் சமையலறையில், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு தடவை கேட்டது.

என் போன் அதிர்ந்தது. அந்த அறையிலிருந்து அவள்தான்.

"நீ அன்னிக்குச் சொன்னதைத்தான் நானும் தினம் நினைச்சிட்டிருக்கேன்டா. வேற டாக்டரைப் பார்த்திருக்கணுமோன்னு. அதான் உன்கிட்ட பேச முடியல."

ஈரக் கையோடு ஓடினேன்.