முதல் மிதியில் நிற்காத கார்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. காரின் மேல் வழக்கம்போல் உப்புப் பூச்சு. துரு ஏறாமலிருக்கச் சக்கரம் நான்கையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். மருமகள் கனி சீக்கிரமே ஆபீஸ் போய்விட்டாள், துறைமுகத்தில் கப்பல் வந்தால் அவளுக்கு வேலை அதிகம். மார்க்கெட்டில் வாங்க: சீனியவரைக்காய், பல்லாரி, எலுமிச்சை.

வாங்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். போய்க்கொண்டே இருந்தது. முன்னால் ஒரு ஸ்கூட்டர், பின் சீட்டில் கட்டிய மக்ரூன் இனிப்புப் பெட்டி. அதில் முட்டித்தான் நின்றது. ஆள் விழவில்லை. பெட்டி உடைந்து ரோடெல்லாம் மக்ரூன்.

ஸ்கூட்டர்காரர்: "ஏ ஆச்சி, வீட்டுல ஓட்ட ஆளில்லையா?"

பக்கத்து லாரியிலிருந்து ஒரு குரல்: "ஆச்சிக்கு மக்ரூன்னா உசுரு போல. எறங்கி வாங்கக்கூடப் பொறுக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். தெருவில் என்னைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை.

நேராகத் தங்கராஜ் அண்ணாச்சி ஒர்க்‌ஷாப். சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேட் என்பது சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கட்டை. இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன்.

"பேடு புதுசால்லா இருக்கு. ஆயிலும் சரியா இருக்கு. வண்டியில ஒரு கொறையும் இல்லம்மா. ஒங்க காலுக்குத்தான் மிதி பத்தல. வயசாகுதுல்லா."

பி.பி. மாத்திரை மறந்தேன்.

ஜூலை 9, புதன்

துபாயிலிருந்து மகன் ராஜன் போன். மறைக்கவில்லை. தவற்றை மற்றவர் சொல்லும் முன் நாமே சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் மதர் சொல்வார். சொன்னேன். கால் பலமில்லை என்றேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். கார் அவன் பேரில், விற்றுவிட்டானாம். விளாத்திகுளத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

"ஆட்டோ பிடிச்சுக்கலாம்லாம்மா. எதுக்கு வம்பு?"

பெற்ற பிள்ளை. அரை மணி நேரம்.

என் வீட்டுக்காரர் காலமான மறு வருடம் கார் ஓட்டக் கற்றேன். அதுவரை கோயிலானாலும் டாக்டரானாலும் "கொஞ்சம் கூட்டிப்போக முடியுமா" என்று யாரையாவது கேட்க வேண்டும். இனி மறுபடியும் கேட்க வேண்டும்.

சாயங்காலம் கனி தைலம் சூடாக்கி வலது காலில் நீவிவிட்டாள். ஒன்றும் பேசவில்லை. எப்போதுமே பேசமாட்டாள். தங்கமான பெண்.

ஜூலை 10, வியாழன்

காற்று குறைவு. கடைசியாக ஒரு முறை என் காலைச் சோதித்துவிட முடிவு. கனி ஆபீஸ் போனதும் உப்பளத்து ரோடு. ஈ காக்கை இல்லை.

மெதுவாகப் போய் மிதித்தேன். வழுக்கல். மறுபடி. வழுக்கல். விடாமல் மிதித்து மிதித்துப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க ஆரம்பித்தது. பிறகு ஒரு மிதியில் அப்படியே நின்றது. பெல்ட் இல்லையென்றால் நெற்றி உடைந்திருக்கும்.

கால் அதே கால். மிதிக்க மிதிக்கக் கால் களைக்கத்தான் செய்யும், பலம் கூடாது. சூடேறச் சூடேறப் பிடித்தது காரின் பிரேக்தான்.

இன்னொன்று. பேட் புதுசு என்றாரே. நான் மாற்றவில்லையே.

கனி வந்ததும் கேட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் அத்தை மாத்துனேன்."

மூன்று வருடமாக மாதா மாதம் கோயம்புத்தூர் போவது ஆபீஸ் ட்ரெய்னிங் இல்லை. ரேஸ் ட்ராக். இந்தக் காரில். தலையில் ஹெல்மெட். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாமாம்.

மாட்டியிருப்பது ரேஸ் பேட். நன்றாகச் சூடானால்தான் கவ்வும். ஒவ்வொரு முறையும் ஊர் திரும்பியதும் பழையதை மாட்டிவிடுவாளாம், இந்த முறை கப்பல் வேலையில் தள்ளிப்போட்டிருக்கிறாள். செவ்வாய்க் காலையில் நான் அதன் மேல் குளிரக் குளிரத் தண்ணீர் வேறு.

"என் கால்தான் போச்சுன்னு நான் சொன்னப்ப, பேட்தான் காரணம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்புறம்?"

"துபாய்ல இருக்க அவ்வொகிட்ட சொன்னா எங்கிட்ட இருந்தும் சாவியப் பிடுங்கிருவாவ."

தெரிந்துகொண்டே தைலம் தேய்த்திருக்கிறாள். எத்தனை பதமாகத் தேய்த்தாள்.

எழுந்து வந்துவிட்டேன். சாப்பாடு வேண்டாம் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கனி லீவு போட்டிருந்தாள். அவளாகவே வந்து நின்றாள்.

"இனி ட்ராக் போகல அத்தை. பழைய பேடையே மாட்டிருதேன்."

"பழசு ட்ராக்ல என்ன ஆகும்?"

"நாலு சுத்துல பொகையும். அப்புறம் மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிரும். நிக்காது."

நிற்காத கார் எப்படியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்பாள். அடுத்த மாதம் போவாள், பழைய பேடோடு. மூன்று வருடம் என் கண்ணில் மண்ணைத் தூவியவள்.

வேறு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். போனில் காட்டினாள். நடுத்தரமாக ஒரு ரகம், தெருவுக்கும் ட்ராக்குக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: ஆறிக் கிடந்தாலும் நனைந்திருந்தாலும் முதல் மிதியிலேயே பிடிக்குமா?

"பிடிக்கும் அத்தை. ஆனா கிறீச்சுனு சத்தம் வரும். சக்கரமெல்லாம் கரி அப்பும், ஒங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் ரேஸ் பேடு மாதிரி ரொம்பச் சுத்து தாங்காது. அஞ்சாறு சுத்து ஓட்டிட்டு ஆறவிடணும்."

"கரியை நீ கழுவு. ஆறவிடுவேன்னு சொல்லு."

"ஆறவிடுதேன்."

மதுரைக் கடைக்குச் சொல்லியாயிற்று. பஸ் பார்சல். மத்தியானம் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு தூக்கல். சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

வெயில். கனியே முற்றத்தில் உட்கார்ந்து சக்கரம் கழற்றிப் பேட் மாட்டினாள். நட்டுகளைத் தட்டில் வாங்கி வைத்தேன். இவள் கை கோலப்புள்ளியைக்கூட நேராக வைக்காதே என்று ஒரே வியப்பு.

புது பேடைப் பழக்க வேண்டுமாம். வேம்பார் ரோடு. நான்தான் ஓட்டினேன். வேகம் பிடித்து, ஓங்கி மிதித்து, நிற்பதற்குள் விட வேண்டும். திரும்பத் திரும்ப.

"நிக்காதீங்க அத்தை, விட்டுருங்க, விட்டுருங்க."

கருகிய வாடை. எங்களைத் தாண்டிய பஸ்ஸில் கண்டக்டர் தலையை நீட்டி: "ஏளா, ஓட்டுதியளா, கும்மி அடிக்கியளா?"

கனி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கேட்டதேயில்லை.

வீடு வந்து நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, தெருமுனை வரை ஓட்டி மிதித்தேன். முதல் மிதி. நின்றது.

ராஜனிடம் நாளை சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்குச் சாவி உண்டு, அவளுக்கு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வியாபாரி விளாத்திகுளத்திலிருந்து கிளம்புமுன் ராஜனைக் கூப்பிட்டேன். கனி அடுக்களை வாசலில், கையில் கரண்டி.

"கால் சரியாத்தான் இருக்கு. பேட்தான் தப்பு. ரேஸ் பேட்னு தெரியாம நான்தான் வாங்கி மாட்டிட்டேன். இப்ப நல்லதா மாத்தியாச்சு."

மதர் மன்னிக்கட்டும். எந்தக் கடை, யார் விற்றது, ஏன் மாற்றினேன், எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அதான பாத்தேன்" என்றான். "கடக்காரன் எதத் தந்தாலும் வாங்கிருவீங்களாம்மா? சரி, அவர வர வேண்டாம்னு சொல்லிருதேன். இனி எதுன்னாலும் எங்கிட்ட கேளுங்க. கனிட்ட கேக்காதீங்க, அவளுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

வைத்துவிட்டான்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கத்தரிக்காயைக்கூட ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவள் நான். கூடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றே வளர்ந்தவன் அவன். உடனே நம்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ரோட்டில் சிரித்தவர்களுக்காவது என்னைத் தெரியாது. கனி சாவியை என் முன்னால் வைத்துவிட்டு, வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு சக்கரத்துக் கரியைக் கழுவப் போனாள்.