கட்டிலுக்கடியில் சிவப்பு அம்புகள்

மார்ச் 4, செவ்வாய்

சட்டைக் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

அம்பு ஸ்டிக்கர் மறுபடியும் குறைகிறது. நேற்று தாளில் ஒன்று, இன்று இன்னொன்று. கைப்பையின் பக்க அறையில்தான் வைக்கிறேன். பக்கத்து மேசைக்காரியைத் தவிர அந்தப் பையருகே யார் வருகிறார்கள்? கேட்டால் கண்ணை அகல விரித்து "எனக்கு எதுக்கு உன் ஸ்டிக்கர்?" என்கிறாள். கண்ணை விரிப்பவர்களை நான் நம்புவதில்லை.

சட்டையில் கறையோ, தையல் விட்ட இடமோ கண்டால் அங்கே ஒரு சிவப்பு அம்பை ஒட்டி டெய்லர் பக்கம் தள்ளுவது என் வேலை. அவர்கள் சரிசெய்து அனுப்பியதும் ஒட்டியவளே திரும்பப் பார்த்து, ஒட்டியவளே அம்பை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, அதுதான் எங்கள் பிரிவின் சட்டம். பதினான்கு வருடமாகச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டில் இவர் குப்புறப் படுத்து இன்று ஐந்தாவது நாள். வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது திரையை அழுத்திப் பிடிக்கப் பத்து நாள் முகம் தரையையே பார்த்திருக்க வேண்டுமாம். சாப்பிடும்போதுகூட. லாரி ஓட்டிய மனுஷன், உலகத்தையே கண்ணாடி வழியாகப் பார்த்தவர், இப்போது தரையில் எத்தனை கோடு இருக்கிறது என்று எனக்குச் சொல்கிறார்.

பார்வை வருமா என்பது ஏப்ரல் எட்டாம் தேதி தெரியும் என்றார் டாக்டர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

மகள் குட்டிக்கு ஒன்பது வயது. பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு நேரே கட்டிலுக்கடியில் போய் மல்லாந்து படுத்துக்கொள்கிறாள். அவர் கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டிக் கிடக்கிறார். இவள் தலையை மட்டும் வெளியே நீட்டி மேலே பார்க்கிறாள். ஒரு முழம் இடைவெளியில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள்.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, கணக்குப் பாடம்" என்றாள் குட்டி.

கணக்கை யாராவது குசுகுசுவென்று படிப்பார்களா?

மார்ச் 6

இன்றும் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

மார்ச் 9, ஞாயிறு

இது சரியில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு யாரும் நான் கவனிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

குட்டி ஞாயிறு வகுப்புக்குப் போய்விட்டு வந்தாள். பைபிள் கதை, பாட்டு, வண்ணம் தீட்டுவது, இதுதான் இரண்டு வருடமாக நடக்கிறது. இன்று வந்ததும் கைகால் கழுவி, அறை மூலையில் முட்டி போட்டு ஜெபம் பண்ணினாள். பண்ணட்டும், நல்லதுதான். ஆனால் நடுவில் தும்மல் வந்தது. சட்டென்று நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடி, முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள். குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் முதலிலிருந்து. தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். மறுபடியும்.

"என்னடி பண்றே?"

"நடுவுல கவனம் போயிடுச்சும்மா. கவனம் போனா செல்லாது."

முட்டி இரண்டும் சிவந்திருந்தன.

யார் இதைச் சொல்லிக்கொடுத்தது? வேறு யார், அந்த டீச்சர்தான். இருபத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, வார நாளில் ஜெராக்ஸ் கடையில் வேலை. என்ன கஷ்டம் பார்த்திருப்பாள்? பேப்பர் மாட்டிக்கொண்டால் அதுதான் அவளுக்குச் சோதனை. கஷ்டத்தில் கடவுளை நம்பு என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நம்பி, நடக்காமல் போனால் என் பிள்ளையின் முகத்தை அவளா பார்க்கப் போகிறாள்?

கடவுள்மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துகொண்டிருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து பலகை மாதிரி இறுகியிருக்கிறது. வலது கண்ணில் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் ஏதோ ஆடுகிறதாம். முதலில் என்னைத்தான் பார்த்தார். "இளைச்சுட்டியே" என்றார். கண் தெரியாதபோதே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன், மழுப்ப என்ன இருக்கிறது. வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன்.

மெஷினில் கல்லூரிப் பையன் ஒருவனின் பெரிய புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே "வாங்கக்கா" என்றாள். நான் உட்காரவில்லை. "என் பிள்ளைகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க? நல்லா வேண்டினா அப்பாவுக்குக் கண்ணு வந்துடும்னா? தும்மினா செல்லாதுன்னா?" என்று கேட்டேன். அந்தப் பையன் எங்கோ பார்ப்பதுபோல் நின்றான்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"நான் சொல்லலக்கா. அவதான் ஆபரேஷன் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை வந்து கேட்டா. 'நான் நல்லா வேண்டலன்னா அப்பாவுக்குக் கண்ணு வராதா டீச்சர்'னு. ஜெபம் மார்க் வாங்குற பரீட்சை இல்லம்மா, நீ தும்மினாலும் கடவுள் கேப்பாருன்னு சொன்னேன். அவ நம்பல."

"அப்புறம் யார் சொன்னதாம்?"

அவள் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டாள். "அம்மா சொன்னாங்கன்னா. அம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னா."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன். "நீங்க என்னதான் சொல்லித் தர்றீங்க? கடவுள் சரி பண்ணுவாரா, மாட்டாரா?"

"தெரியாதுன்னுதான் சொல்றேன். ஆனா விட்டுட்டுப் போக மாட்டார்னு சொல்றேன். என் தம்பி படுத்துக்கிடந்தப்ப நானும் இவளை மாதிரிதான் வேண்டினேன்க்கா. அவன் பிழைக்கல. ரொம்ப வருஷம் என் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பேப்பர் மாட்டிக்கொள்வதுதான் அவளுக்குச் சோதனை என்று எழுதியவள் நான்.

மார்ச் 14

ஆமா, சொன்னேன்.

ஆபரேஷன் நாள் அது. ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவுக்கு எதிரே குட்டி ஓவென்று கத்தி அழுதாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையில் இவர் சட்டை, செருப்பு, ஃபைல் — எதைப் பிடிப்பது என்றே தெரியவில்லை. "அழாம நல்லா வேண்டிக்கோ, கவனம் சிதறக் கூடாது, அப்பத்தான் அப்பாவுக்குக் கண்ணு வரும்" என்றேன். சத்தம் நிற்பதற்காகச் சொன்னது. அந்த நிமிஷமே நின்றது. நானும் மறந்துவிட்டேன். அவள் பதினாலு நாளா அதைத் தூக்கிக்கிட்டு அலையறா. ஒன்பது வயசுப் பிள்ளை தலையிலயா அவர் கண்ணைக் கொண்டுபோய் வைப்பேன்? வச்சிருக்கேனே. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

கண் வராமல் போனால்? என்னால்தான் என்று நினைப்பாள். எட்டாம் தேதிக்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

காதுத் தோடு கழன்று உருண்டு கட்டிலுக்கடியில் போனது. ஊர்ந்து உள்ளே போனேன். மேலே பார்த்தேன்.

கட்டில் பலகையின் அடியில், இவர் தலை வைக்கும் விளிம்போரமாக, சிவப்பு அம்புகள். பதினேழு. எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின, இவர் கண் இருந்த பக்கத்தை. குட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். திருட்டு அகப்பட்ட முகம்.

"நீதானே சொன்னே, அம்பு ஒட்டினாத்தான் எங்க சரி பண்ணணும்னு டெய்லருக்குத் தெரியும்னு. கடவுளுக்கு எவ்வளவு பேர் இருக்காங்க. தினமும் ஒண்ணு ஒட்டினா மறக்க மாட்டார்ல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "என்னைக் கேக்காம எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மார்ச் 17

பக்கத்து மேசைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணை விரித்தாள். அவள் கண்ணே அப்படித்தான் போல.

மார்ச் 20

சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இவரைப் பிடித்து வாயைக் கிளறினேன். "குப்புறப் படுத்திருந்தப்ப ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசுனீங்க?"

சட்டைப் பொத்தானைத் திருகினார். "அழுதேன். நாலாவது நாள். குப்புறக் கிடந்தா கண்ணீரு கன்னத்துல ஓடாது, நேரா சொட்டும். கீழ பாப்பா. அவ மூஞ்சிலயே விழுந்துச்சு."

"அவ என்ன சொன்னா?"

"தொடச்சுக்கிட்டா. அம்மாகிட்ட சொல்ல வேணாம்ப்பா, அம்மா ஏற்கனவே பயந்திருக்காங்கன்னா. அப்புறம் தினமும் வந்து படுத்துக்கிட்டா. அவ இருக்கறப்ப எனக்கு பயம் கொறைஞ்சிருந்துச்சு."

நான் என்னென்ன சந்தேகப்பட்டேன்! இருவரும் சேர்ந்து எதை மறைக்கிறார்கள் என்று. என்னைத்தான் மறைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

இன்றும் இல்லை. நாளை.

ஏப்ரல் 7, திங்கள்

இதற்குமேல் நாள் இல்லை. மாலையில் குட்டி கட்டிலுக்கடியில் இருந்தபோது நானும் ஊர்ந்து போய்ப் பக்கத்தில் படுத்தேன். "இடிக்கிறேம்மா" என்றாள்.

சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய், சத்தம் நிற்கச் சொன்னது, அப்பா கண் உன் ஜெபத்தில் தொங்கவில்லை, நீ நூறு தடவை தும்மினாலும் ஒன்றும் ஆகாது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நடுவில் எங்கே அழுதேன் என்று தெரியவில்லை.

அம்புகளைப் பார்த்தாள்.

"அப்ப கடவுள் சரி பண்ணுவாரா?"

"தெரியலடி."

"உனக்கே தெரியாதா?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியல, உங்க டீச்சருக்கும் தெரியல. ஆனா அவர் விட்டுட்டுப் போக மாட்டார்னு டீச்சர் சொல்றாங்க."

"நீ நம்பறியா?"

பிள்ளையிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "நம்பணும்னு ஆசையா இருக்கு. பயமாவும் இருக்கு."

"சரி" என்றாள். என்ன சரி என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வராது.

குமிழி கரைந்துவிட்டது. திரை ஒட்டியிருக்கிறது, ஆனால் நடுப்பகுதி செத்துவிட்டதாம். வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை. லாரி இனி கிடையாது. இந்தத் தடவை டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாலையில் குட்டியிடம் இவரே சொன்னார். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். "தும்மினதால இல்லையே?" என்றாள். "இல்லவே இல்ல" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அப்புறம் அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். லிஃப்ட் வாசலில் அழுததைவிடச் சத்தமாக. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அழுது முடித்து, கட்டிலுக்கடியில் போனாள். பலகையிலிருந்து அம்புகளைப் பிய்க்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 11

ஜெபத்தின் நடுவில் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவர் குட்டியை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினார். தெருவைக் கடக்கும்போது அவள் அவருடைய வலது பக்கமாக மாறிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

துடைப்பத்தோடு கட்டிலுக்கடியில் போனேன். பெருக்கத்தான் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில் அவள் அம்புகளை எடுத்துவிட்டாளா என்று பார்க்கத்தான் போனேன். தொழில் புத்தி.

அப்படியே இருந்தன. கடைசி நாள்வரை ஒட்டியிருக்கிறாள். ஆனால் அவர் பக்கம் இருந்தவை எல்லாம் இப்போது திசை திரும்பியிருந்தன, கண்ணை விட்டுவிட்டுச் சற்றுக் கீழே, நெஞ்சிருக்கும் இடத்தைக் காட்டின. ஒவ்வொன்றாகப் பிய்த்து மறுபடி ஒட்டியிருக்கிறாள். ஓரங்கள் சுருண்டிருந்தன.

சுவரோரம், என் பக்கப் பலகையிலும் ஒன்று இருந்தது. புதியது. என் தலையணைக்கு நேர் கீழே.

கை தானாக அதை எடுக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். ஒட்டியவள்தான் எடுக்க வேண்டும், அதுவும் சரியாகிவிட்டது என்று பார்த்த பிறகு. அவள் வகுப்பு முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் அங்கேயே, தரையில், அம்புக்குக் கீழே படுத்திருந்தேன்.