பேனலை உடைத்தது எர்தெம் இல்லை

எர்தெமின் அண்ணனுக்கு,

குதிரைகளைக் கட்டிவிட்டு முதலில் இதைப் படியுங்கள். ஆட்டுக்கறி சூப் அடுப்பில் இருக்கிறது. பிளாஸ்க்கில் உப்பு டீ.

உங்கள் தம்பியை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். மூன்று பல் போய்விட்டது. தாடை வீங்கித் தண்ணீர்கூட இறங்கவில்லை. "சத்தியமா நான் உடைக்கலண்ணே!" என்று நேற்று அவன் கத்தக் கத்த, சாட்டைக் கட்டையால் வாயிலேயே அடித்தீர்கள். "போன் சார்ஜ் போட விடலேன்னா சோலாரையே ஒடச்சிருவேன்னு சொன்னவன்தானடா நீ!" என்று சொல்லிச் சொல்லி அடித்தீர்கள்.

இன்று காலை பழைய பேனலைத் துடைத்து, கூடாரத்துக்கு வெளியே, நேற்று புதுப் பேனல் உடைந்து கிடந்த அதே இடத்தில் சாய்த்து வைத்தேன். நம் கருப்புக் கிடா வந்தது. இணை சேராமல் இருக்க அதன் வயிற்றில் கட்டியிருந்த கம்பளியை, பருவம் வந்துவிட்டதென்று முந்தாநாள் நீங்கள்தானே அவிழ்த்துவிட்டீர்கள்? பேனல் கண்ணாடியில் இன்னொரு கிடாவைப் பார்த்ததும் பின்னால் போய், ஓடிவந்து முட்டியது. நான் விரட்டுவதற்குள் ஒரு மூலை நொறுங்கிவிட்டது.

கிடாவைத் தொடாதீர்கள். அது வேற்றுக் கிடா என்று நினைத்து முட்டியது. நீங்கள் தம்பி என்று தெரிந்தே அடித்தீர்கள்.

உங்கள் மனைவி யான்ஜ்மா

பேட்டரியை அடுப்போரம் வையுங்கள், குளிரில் செத்துவிடும். விளக்குக்கு மட்டும்தான் சார்ஜ் இருக்கிறது. டி.வி. போடாதீர்கள்.

இன்னொன்று. சாட்டையைத் தேட வேண்டாம். சூப் கொதித்தது அந்தக் கட்டையில்தான்.